மேல்நோக்கிய சிவப்பு அம்பு

போன வாரம் எனக்கும் ஒரு அம்பு வந்தது.

ரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்ற எழுத்துகளுக்கு நேரே ஒரு நம்பர். அதன் பக்கத்தில் எறும்பு அளவுக்கு மேல்நோக்கிய அம்பு. கடைசிக் கட்டத்தில், ஆரோக்கியமான உடம்பில் இது இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று இரண்டு எண்கள். லேப் வாசலில் ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை விரித்துவைத்துக்கொண்டு நின்றேன். பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் காத்திருந்தவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? அந்த அம்பு எனக்கு நோயாகத் தெரியவில்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் சிவப்பு ஸ்டிக்கர் சுருளோடு வரும் ஓர் அக்காவாகத் தெரிந்தது.

ராயபுரத்தில் குடியிருந்தபடி ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் நான் வேலை பார்த்த காலம் அது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தையல் லைன். அந்த லைனுக்கு அக்கா சூப்பர்வைசர். செக்கிங் டேபிளில் பல வருஷம் நின்று, அங்கிருந்து மேலே வந்தவர். டேபிளை விட்டு வந்தாரே தவிர டேபிள் அவரை விடவில்லை. துணியில் எண்ணெய்க் கறையோ ஓட்டையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவதற்குக் குட்டி அம்பு ஸ்டிக்கர்கள் உண்டு. அந்தச் சுருளை அக்கா மணிக்கட்டில் வளையல் மாதிரி போட்டிருப்பார். தங்க வளையலைக் கழற்றி வைத்தாலும் வைப்பார், அதைக் கழற்றமாட்டார்.

குறை எங்கே கண்டாலும் ஒட்டு. அதுதான் அக்கா.

கேன்டீன் டீ ஆறியிருந்தால் டம்ளருக்கு ஒன்று. சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடியதால் அதன் மூக்கில் ஒன்று. ஒரு முறை மேனேஜர் சட்டையின் பின்பக்கத் தையல் விரலளவு பிரிந்திருந்தது. அக்கா பின்னாலேயே போய்ச் சத்தமில்லாமல் ஒட்டிவிட்டார். மனிதர் அந்த அம்போடு, சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையருக்கு ஃபேக்டரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். பையர் ஊருக்குத் திரும்பும்போதுதான் அதைத் தொட்டுக் காட்டி, உங்கள் கம்பெனியில் செக்கிங் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். மேனேஜர் திரும்பி லைனைப் பார்த்தபோது அத்தனை தலையும் மெஷினுக்குள் குனிந்திருந்தது.

ஆனால் அக்காவை ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அளவு சார்ட்டில் நெஞ்சகலம் இவ்வளவு என்று போட்டுவிட்டு, அரை இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பரவாயில்லைக்குக் கம்பெனி வைத்த பெயர் டாலரன்ஸ். அக்காவின் கருணையெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் குடியிருந்தது. லீவு கேட்டு வருகிறவள் சொல்லும் காரணம் டாலரன்ஸுக்குள் இருந்தால் லீவு. புருஷன் குடித்துவிட்டு வருவது மாசத்துக்கு ஒருமுறை என்றால் டாலரன்ஸ், அதற்கு மேல் போனால் ரிஜெக்ட், அம்மா வீட்டுக்குப் புறப்படு. நாங்குநேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஸ்டெல்லா, லைனில் கழுத்துப் பட்டி வைப்பவள், தனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உயரம் பரவாயில்லை, சிரிப்பும் பரவாயில்லை, காதுதான் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்று சொல்லிவிட்டு இடது காதில் ஒட்டினார். ஸ்டெல்லா அவனையேதான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் மேடையில் பெண்ணைப் பார்க்காமல் மாப்பிள்ளை காதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் அந்தக் குரல். நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் ஹால், மேலே காற்றாடிகள், ஓரத்தில் அயர்ன் டேபிளின் ஆவி. அந்த இரைச்சலுக்குள் ஊசி நுழைகிற மாதிரி அக்காவின் குரல் நுழையும். பீகாரிலிருந்து வந்த டெய்லர்கள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை வணக்கம் அல்ல, ‘பிரிச்சுத் தைய்யி கண்ணு’. திட்டும்போதும் கண்ணு போடுவார், சாமி போடுவார். அது இன்னும் சுடும். பீஸ் வரத்துக் குறையக் குறையக் குரல் ஏறும். பீஸ் ஒழுங்காக வந்தால் இறங்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அன்றைக்கு லைன் எப்படி ஓடுகிறது என்பதை நான் காதாலேயே சொல்லிவிடுவேன்.

கம்பெனியில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் அந்தத் தாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் வந்துவிடும். டாக்டரிடம் அப்புறம் போகும். அக்காவுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. இடது பக்கம் வந்த அளவு, வலது பக்கம் இருக்கவேண்டிய அளவு. இதுவும் ஒரு சார்ட், அவ்வளவுதான். சுண்டுவிரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே போவார். பாஸ், பாஸ், பாஸ், இங்கே மட்டும் நில்லு. ஸ்டெல்லாவுக்கு ரத்தம் குறைவு என்று தாளில் இருந்தபோது அவள் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அது உதிரும்வரை முருங்கைக்கீரை தின்னச் சொன்னார். அவளும் தின்றாள். அந்த வெற்றி அக்காவின் தலைக்கு ஏறிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அவருடைய தாளிலேயே அம்பு வந்தது.

தைராய்டு கொஞ்சம் சோம்பலாக வேலை செய்கிறது என்று அதற்கு முந்தியே ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருந்தார். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அக்கா ரத்தம் எடுத்தார், தாளை வாங்கினார், டாக்டரம்மாவிடம்தான் போகவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி, அதுவும் போக, தாள் படிக்கத் தெரிந்தவருக்கு டாக்டர் எதற்கு? டி.எஸ்.எச். நம்பருக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. அதற்கு அடுத்த வரியில், டி4 என்று போட்ட இடத்தில், கீழ்நோக்கி ஓர் அம்பு.

‘என்ற மேலயே ஸ்டிக்கர் ஒட்டீட்டாங்க பாருங்க சாமி’ என்று என்னிடம்கூடக் காட்டினார். முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

பனியன் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. அளவு கூடிய பீஸை வெட்டிச் சரிபண்ணலாம். குறைந்த பீஸை ஒன்றும் செய்ய முடியாது. துணியை எங்கிருந்து கொண்டுவந்து ஒட்டுவது? ஆகவே கீழே பார்த்த அம்பை அக்கா விதியென்று விட்டுவிட்டார். மேலே பார்த்த அம்பைக் கவனித்தார். தைராய்டு மாத்திரை தின்றுதானே தைராய்டு நம்பர் கூடியிருக்கிறது, வெட்டு. மாத்திரையைப் பாதியாக உடைத்தார். அடுத்த முறை நம்பர் இருபதைத் தாண்டியது. பாதியைக் கால் ஆக்கினார். அதற்கடுத்து எவ்வளவு என்று யாருக்கும் காட்டவில்லை. மாத்திரை டப்பாவையே பரண்மேல் போட்டுவிட்டார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

குரல் இறங்கியது. ஒரே நாளில் இல்லை. தேர் நிலைக்கு வருகிற மாதிரி அசைந்து அசைந்து வந்து நின்றுவிட்டது. தொண்டை கரகரத்தது. பிறகு கரகரப்பும் குறைந்து, வாய் மட்டும் அசைந்தது. முகம் உப்பியது. பாதம் வீங்கிச் செருப்பு இறுகியது. கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்.

லைனுக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. நோம்பி நாள் மாதிரி ஒரே கொண்டாட்டமாக இருந்தது. மெஷினில் துணியை விட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுத்தார்கள். டீக்குப் போனவர்கள் வடை தின்றுவிட்டு வந்தார்கள். அக்கா மாதிரியே கத்திக் காட்டுவதில் கெட்டிக்காரி ஸ்டெல்லா. கத்திக் காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது.

அதற்குப்பிறகு அவள் கத்திக் காட்டவில்லை.

சித்திரை வெயிலில் ஹாலின் தகரக் கூரை தகதகக்கும்போது அக்கா குளிருகிறது என்றார். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஃப்ளீஸ் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்க, பனிப்பிரதேசத்துக்காரர் மாதிரி ஸ்வெட்டரோடு சேர்ந்த தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் ஒரு கட்டு பனியன், இடக் கைக்கு வலக் கை வைத்துத் தைத்தது, அவர் கண் முன்னாலேயே பேக்கிங்குக்குப் போய்விட்டது. ஒரு அம்பு இல்லை. ஒரு சத்தம் இல்லை.

மேனேஜர் வந்தார். அவர் கெட்டவரில்லை. அக்காவுக்கு வயதாகிவிட்டது, நூல் பிசிர் வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றார். அக்கா சண்டை பிடிப்பார் என்று எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா தலையாட்டினார். பிசிர் வெட்டவும் வரவில்லை, குண்டடத்தில் மகள் ஊட்டுக்கே போய்விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து ஸ்டெல்லா மெஷின்மேல் வைத்தார்.

‘நீ பாத்துக்க கண்ணு. எனக்கு டாலரன்ஸ் முடிஞ்சு போச்சு.’

ஸ்டெல்லா டேப்பைத் தொடவில்லை. அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியாத முகத்தோடு எழுந்து நேரே என் கண்ணாடி அறைக்கு வந்தாள்.

‘யண்ணே, எக்கா ஏசாம இருக்காவ, அது நல்லதுக்கா? மேனேஜர் ஒங்க பேச்சக் கேப்பாருல்லா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, நானும் வாரேன்.’

கம்பெனி வேனில் மூன்று பேரும் போனோம். அக்கா வழிநெடுகத் தூங்கினார்.

டாக்டரம்மா முதலில் அக்காவின் கண்ணைப் பார்த்தார், பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தாள்களைக் கேட்டார். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடைசித் தாளில் நம்பர் எழுபதைத் தாண்டியிருந்தது. எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அளவு கூடியதால் குறைத்துக்கொண்டே வந்ததை அக்கா நிதானமாக, ஒரு நல்ல செக்கரின் ஒழுங்கோடு, ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தாளைத் திருப்பி அக்கா பக்கம் வைத்தார்.

‘இந்த டி.எஸ்.எச். உங்க தைராய்டோட வேலை இல்லைங்க. மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்குது. தைராய்டு சரியா வேலை செய்யலைன்னா, செய் செய்னு அது சத்தம் போடும். அந்தச் சத்தத்தோட அளவுதான் இந்த நம்பர். தைராய்டு என்ன வேலை செஞ்சிருக்குதுன்னு பார்க்கணும்னா கீழ இருக்கிற டி4-ஐப் பாருங்க. அது குறைஞ்சிருக்குது பாருங்க.’

அக்கா பார்த்தார். மேலே பார்த்த அம்பு, கீழே பார்த்த அம்பு. சுண்டுவிரல் இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வந்தது. வெகுநேரம். அந்த உப்பிய முகத்துக்குள் எங்கேயோ ஆழத்தில் ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

‘ஏனுங்க டாக்டரம்மா, லைன்ல பீஸ் வரலீன்னா சூப்பர்வைசர் கத்தற மாதிரிங்களா?’

‘அதேதாங்க. கத்தல் கூடுதுன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம்.’

‘அப்ப டெய்லருக்குச் சோறு பத்தலீன்னு சூப்பர்வைசரு கத்தியிருக்கறா. நான் சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு, டெய்லரு சோத்தக் கொறச்சுப்போட்டேன்.’

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் ஓரத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இதை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சுயநினைவு தப்பியிருக்கும் என்று அதற்கப்புறம்தான் டாக்டரம்மா சொன்னார். வயது காரணமில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அக்கா ஸ்வெட்டரின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

இதயத்தைச் சோதிக்க ஒரு நாள் அட்மிட் பண்ணினார்கள். மாத்திரையைப் படிப்படியாகத்தான் கூட்ட முடியும், காலையில் வெறும் வயிற்றில், அளவை நீங்களாக மாற்றக்கூடாது என்றார்கள். வலது பக்கம் போட்டிருக்கும் இரண்டு எண்கள், நன்றாக இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் போட்டவை; லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், கர்ப்பிணிக்கு வேறு, வயதானவருக்கு வேறு என்றும் டாக்டரம்மா சொன்னார். அக்கா அதற்கு, சைஸ் மாறினால் சார்ட் மாறத்தானே செய்யும் என்றார். இந்த முறை சரியாகவே சொன்னார்.

திங்கட்கிழமையன்று வேறு ஆள் வரவில்லை. ஸ்டெல்லாவும் பீகார்க்காரர்களும் சேர்ந்து மேனேஜரைப் போய்ப் பார்த்தார்கள். தங்களைத் திட்டுவதற்கு அதே ஆள்தான் வேண்டும் என்று கேட்டு ஒரு லைன் போய் நின்றதை அந்தத் தொழிலில் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. மேனேஜர் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்.

வாரங்கள் போகப் போகக் குரல் முளைத்தது. முதலில் கரகரப்பு, பிறகு ஒரு கீச்சு, பிறகு ஒருநாள் காலையில் கழுத்துப் பட்டி திரும்பியிருந்ததற்கு ‘பிரிச்சுத் தைய்யி கண்ணு’ என்று ஹாலின் அந்தக் கோடிவரை. அதுவரை வேண்டிக்கொண்டிருந்த லைன், வேண்டுதல் பலித்ததும் தலையில் கை வைத்தது.

மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று ஹாலின் நடுவில் இருக்கும். அதன் மூலையில் மறுநாள் யாரோ எழுதியிருந்தார்கள்: அக்கா, டி.எஸ்.எச். ஒன்பது, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு, அடைப்புக்குள் இயல்பு அளவு. யாரோ என்ன யாரோ, ஸ்டெல்லா கையெழுத்துதான். அக்கா அதன் முன்னால் நின்று படித்தார். அழிக்கவில்லை. இது காலையில் எடுத்தது, மத்தியானம் பீஸ் வந்தால் இறங்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்குப்பிறகு தினமும் அன்றைய கத்தலுக்கு ஒரு நம்பர். ஷிப்மென்ட் சமயத்தில் நாற்பதுவரை போனது. பீஸ் ஒழுங்காக வந்த நாளில் மூன்றுக்கு இறங்கியது. குறைவாகப் போட்டுவிட்டதாக அக்காவே ஒருநாள் ஏற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரங்களில் பழைய உத்தியோகமும் நடந்தது. இப்போது தாள் கொண்டுவருகிறவரிடம் சுண்டுவிரலை இறக்கிக்கொண்டே வந்து, அம்பு இருக்கும் வரியில் நிறுத்திச் சொல்வார்: ‘கூடினாலும் அம்பு, கொறஞ்சாலும் அம்பு. எது யாரு கத்தறது, எது யாரு வேலைன்னு எனக்குத் தெரீல சாமி. டாக்டரம்மாகிட்டப் போ.’ பாஸ் போட்டுப் பழகிய வாய்க்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லும்போதே தெரியும்.

ஒருநாள் காலையிலிருந்து அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒரு பீஸை எடுத்தார், பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். ஒரு பீகார்க்காரன் பயத்தில் தான் தைத்ததைத் தானே பிரித்துத் தைத்தான். டீ நேரம் வந்தது, போனது. சத்தமே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கும் வேலை ஓடவில்லை. ஸ்டெல்லா இரண்டு முறை எழுந்து அக்காவின் பாதத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள், வீக்கம் இருக்கிறதா என்று. பிறகு மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். பழைய நம்பரை அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்: 0.01. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. அதன் கீழே, ரீ-செக்.

அக்கா நடந்துபோய்ப் பலகை முன்னால் நின்றார். நாற்பது மெஷினும் நின்றுவிட்டது.

‘மாத்திரைய ஒடைக்கல கண்ணு’ என்றார். ‘நேத்து ரிசல்ட் வந்துச்சு. மூணுக்குள்ள. அம்பே இல்ல. அதான், நானும் கத்தாம இருந்து பாக்கலாம்னு இருந்தேன்.’

‘இருந்தீயளாக்கா?’

‘எங்க இருக்க உடறீங்க’ என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லாவின் மெஷினுக்குப் போனார். மேலாக இருந்த பனியனை எடுத்து உதறினார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது அத்தனையும் அந்தக் கழுத்துப் பட்டியின்மேல் வந்து இறங்கியது. கூரைத் தகரம் அதிர்ந்தது என்று எழுதினால் மிகை. காற்றாடி இறக்கையில் இருந்த பஞ்சுத் தூசி கொஞ்சம் உதிர்ந்தது, அதை நான் பார்த்தேன். லைன் பூராவும் குனிந்து தைக்க ஆரம்பித்தது. ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை.

சாயங்காலம் வேனில் ஏற அக்கா என்னைத் தாண்டிப் போனார். யாருடைய லஞ்ச் டப்பாவோ சரியாக மூடவில்லை என்று திட்டிக்கொண்டே போனார். முதுகில், ரவிக்கைக்கு நடுவில், சிவப்பாக ஒரு ஸ்டிக்கர். மேல்நோக்கிய அம்பு. பின்னால் வந்துகொண்டிருந்த நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஒருவரும் எடுத்துவிடவில்லை.